அணைக்கட்டும் அம்பலவாணரும்: உம்பிலோ ஆற்றோரம் நடக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கப் போக ஒரு நல்ல இடம் சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் ட்ரேக்கன்ஸ்பெர்க் மலையைத்தான் சொல்வார்கள். காரில் மூன்று மணி நேரம், கனமான பூட்ஸ், முதுகில் ஒரு மூட்டை, ராத்திரி தங்க ஏற்பாடு. நல்ல இடம்தான், யார் இல்லையென்றது. ஆனால் முட்டிவலியோடு ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கிற பையனையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர வேண்டும் என்றால் மலையெல்லாம் சரிப்படாது. எங்களுக்கு உம்பிலோ போதும்.

உம்பிலோவை ஆறு என்று சொல்ல கொஞ்சம் தாராள மனசு வேண்டும். பைன்டவுன் பக்கத்து மேட்டு நிலத்தில் இருந்து இறங்கி, காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் நுழைந்து, ரயில் பாதையையும் குடியிருப்புகளையும் ஒட்டி வந்து, கடைசியில் கான்கிரீட் கால்வாயாகி டர்பன் துறைமுகத்துக்குள் போய் முடிகிற ஒரு குட்டி ஆறு. பல இடங்களில் பையன்கள் கல்லுக்குக் கல் தாவியே அக்கரை போய்விடுவார்கள். டர்பன்காரர்கள் நிறையப் பேருக்கு உம்பிலோ என்றால் ஒரு பேட்டை, ஒரு நீளமான சாலை, அவ்வளவுதான். இங்கே தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கோ அது முதலில் ஒரு கோயிலின் பெயர். ஆற்றின் மேல்பகுதியில் இடிந்த நீரேற்பு நிலையம் ஒன்றும் கீழ்ப்பகுதியில் அந்தக் கோயிலின் கதையும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மேலே மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் மேல்பகுதி. பைன்டவுனில் இருக்கிறது பாரடைஸ் வேலி இயற்கைக் காப்பகம், டர்பனிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சொர்க்கத்துக்குப் பக்கத்திலேயே ஜோகன்னஸ்பர்க் போகிற நெடுஞ்சாலை ஓடுகிறது. லாரி இரைச்சல் கூடவே வரும். ஆற்றங்கரைக்கு இறங்க இறங்க அது மங்கும், அருவிச் சத்தம் மேலெழும், ஆனால் முழுசாகப் போகவே போகாது. எனக்கு அது தொந்தரவாக இல்லை. ஊரை விட்டுத் தப்பிப்பதற்காக இங்கே வருகிறவர்கள் வேறு இடம் தேடலாம். ஊர் எப்படி ஊரானது என்று பார்க்க வருகிறவர்களுக்கு அந்த இரைச்சலும் அதில் ஒரு பகுதிதான்.

பாதை சுலபமானது. மரநிழல், ஆங்காங்கே வேர்கள், மழை பெய்திருந்தால் சேறு. காடு என்றால் நம் ஊர்க் கண்ணுக்குக் கொஞ்சம் தெரிந்த மாதிரியும் கொஞ்சம் தெரியாத மாதிரியும் இருக்கும். வாழைதானே என்று கிட்டே போனால் அது குலை தள்ளாத காட்டு வாழை, ஸ்ட்ரெலிட்சியா இனம். ஈச்ச மரம் போல் ஒன்று நிற்கும், அது நிஜமாகவே ஈச்சையின் உறவுக்காரன். தண்ணீர் ஓரமாக உம்டோனி என்று ஜூலுவில் சொல்கிற மரம், நாவல் இனம்தான், பழுத்துக் கொட்டிக் கிடந்தால் அம்மா குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்க்காமல் நகரமாட்டார். வெர்வெட் குரங்குகள் நிச்சயம் இருக்கும். கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் அது உங்களுடையது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஹடிடா என்று ஒரு பறவை, அரிவாள்மூக்கன் வகை, தலைக்கு மேலே திடீரென்று கத்தினால் புதிதாக வந்தவர்கள் தூக்கிவாரிப்போட்டு நிற்பார்கள். பாம்பு உண்டு. டர்பனின் மேற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் கறுப்பு மாம்பா இருப்பது ஊரறிந்த விஷயம், அதனால் பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இந்தக் காட்டுக்குள்தான் உம்பிலோ நீரேற்பு நிலையத்தின் மிச்சங்கள் கிடக்கின்றன. கல் கட்டடம், உடைந்த அணை, பாசி பிடித்த தொட்டிச் சுவர்கள், இடுக்குகளில் வேர் விட்ட மரங்கள். 1887இல் திறந்தது. வடிவமைத்தவர் அன்றைய டர்பன் நகரப் பொறியாளர் பார்ன்ஸ். அதற்கு முன்னால் டர்பன் ஊருக்குத் தண்ணீர் என்பது பெரிய தலைவலி: மழைநீர், கிணறு, பிறகு 1870களின் கடைசியில் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் கரி என்பவர் தோண்டிய ஊற்றுக் கிணறு. அந்தக் கிணற்றின் பெயரில்தான் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் இன்றும் இருக்கிறது. பந்து விளையாட வேறு எங்கும் இடம் தராத காலத்தில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் கால்பந்து ஆடிய மைதானம்; அது தனிக் கதை. கப்பல்கள் வந்து போகிற, நாளுக்கு நாள் பெருக்கிற ஒரு துறைமுக ஊருக்குக் கிணறு எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் மேட்டிலிருந்து வருகிற ஆற்றை மறித்து, தண்ணீரைத் தேக்கி, தெளிய வைத்து, வடிகட்டி, குழாயில் இறக்கினார்கள். பம்பு தேவையில்லை. பைன்டவுன் உயரத்தில், ஊர் கடல்மட்டத்தில், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது.

வடிகட்டித் தொட்டி என்றால் அந்தக் காலத்தில் மெது மணல் வடிகட்டிதான். லண்டனில் செல்சீ தண்ணீர் கம்பெனிக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இல் கட்டிக் காட்டிய முறை, பிறகு பிரிட்டிஷ் பேரரசு போன இடமெல்லாம் போனது. அடியில் கல், மேலே ஜல்லி, அதற்கு மேலே மணல், அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். வேடிக்கை என்னவென்றால் அழுக்கை அதிகம் பிடிப்பது மணல் இல்லை, மணலுக்கு மேலே தானாகப் படிகிற வழுவழுப்பான உயிர்ப் படலம்தான். நுண்ணுயிர்கள் நுண்ணுயிர்களைத் தின்கின்றன. அந்தப் படலம் தடித்துவிட்டால் தண்ணீர் இறங்காது. அப்போது தொட்டியை வடிய விட்டு, உள்ளே இறங்கி, மேல் மணலை விரற்கடை அளவு சுரண்டி, அள்ளி, கழுவி, திரும்பப் போட வேண்டும். மண்வெட்டி வேலை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். அம்மா அந்தச் சுவர் மேல் உட்கார்ந்து, "நம்ம ஊர் மடையைத் தூர் வார்ற மாதிரிதானே" என்றார். தாமிரபரணிக் கரைக்காரர், அவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் வருகிற நினைப்பு அந்த மண்வெட்டிகளைப் பற்றியதுதான். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக்கூலிகளாக 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. 1911இல் ஆள் எடுப்பு நிற்கும்வரை 1,52,000 பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பங்கு கரும்புத் தோட்டத்துக்கு. ஆனால் தோட்டம் மட்டும் இல்லை. ரயில்வே எடுத்தது, நிலக்கரிச் சுரங்கம் எடுத்தது, டர்பன் மாநகராட்சியும் எடுத்தது. மாநகராட்சி ஆட்களுக்காகக் கடலோரத்தில் மேகசின் பேரக்ஸ் என்று ஒரு குடியிருப்பு. தமிழும் தெலுங்கும் நிறைந்த இடம். தெருப் பெருக்கியதும் குப்பை அள்ளியதும் சாலை போட்டதும் அங்கிருந்து விடியுமுன் கிளம்பியவர்கள். பொறியாளரின் பெயர் கல்வெட்டுக்குப் போகும், கிணறு தோண்டியவரின் பெயர் மைதானத்துக்குப் போகும். மண்வெட்டிக்காரன் பெயர் சம்பளப் பதிவேட்டில் ஒரு எண்ணாக இருந்தாலே பெரிது. பாரடைஸ் வேலிக்கு வந்து "ஆகா, விக்டோரியா காலத்துக் கல்வேலை" என்று படம் போடுகிறவர்களோடு என் சண்டை இதுதான். கல்வேலை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் கல் தானாக ஏறி உட்காரவில்லை.

சரி, இந்த நிலையம் எவ்வளவு காலம் ஓடியது? இருபது வருஷம்கூட இல்லை. திறந்த சில வருஷங்களிலேயே ஊருக்கு இது போதாது என்று தெரிந்துபோய், 1890களில் தெற்கே உம்லாஸ் ஆற்றுக்குப் போனார்கள். அப்புறம் 1905 வெள்ளம். உம்பிலோவில் வந்த தண்ணீர் அணையை உடைத்துக்கொண்டு போனது. தேங்கியிருந்ததும் சேர்ந்து கீழ்நோக்கிப் பாய்ந்தது. மறுபடி கட்டவில்லை. டர்பனின் தண்ணீர்க் கதை பிறகு உம்லாஸில் தொடர்ந்து 1927இல் ஷோங்வேனி அணை வரைக்கும் போனது, உம்பிலோவைக் காடு எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலமே பயன்பட்ட ஒரு கட்டடம் இத்தனை காலமாக இடிபாடாக நின்று, நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, எங்களைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடையாகிவிட்டது.

அங்கிருந்து கீழே வருவதற்கு நடைபாதை என்று தொடர்ச்சியாக எதுவும் இல்லை, காரில்தான் வர வேண்டும். நார்த்டீன், மால்வர்ன், பெல்லேர் என்று பழைய ரயில் பாதையை ஒட்டியே இறங்கலாம். டர்பனில் இருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் 1880 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பாதை இது. வளைவு வளைவாக, மேட்டைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. நேராக வெட்டிப்போடக் காசில்லாத காலத்துப் பாதை என்று பார்த்தாலே தெரியும். ரயில்வே ஆட்களிலும் ஒப்பந்தத் தமிழர்கள் கணிசம். நிலையங்களைச் சுற்றி நடக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், பார்க்க அதிகமில்லை, ஆள் நடமாட்டமும் எல்லா நேரத்திலும் இருக்காது.

கீழ்ப்பகுதிக்கு வருவோம். ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பலாம், மறுபடி கையெழுத்துப் போடலாம், இல்லை இங்கேயே பிழைக்கலாம். பிழைக்க நினைத்தவர்களுக்குக் கையில் தெரிந்த தொழில் தோட்டம். டர்பனைச் சுற்றி இருந்த ஆற்றங்கரைகள் எல்லாம் கீரைப் பாத்தியும் மிளகாயும் மடும்பி என்கிற சேப்பங்கிழங்குமாக மாறியது அப்படித்தான். தண்ணீர் பக்கத்தில் இருக்கும், மண் வளமாக இருக்கும், வெள்ளைக்காரர்களுக்கு அந்தச் சதுப்பு நிலம் வேண்டாம், குத்தகை மலிவு. வெள்ளம் வரும் இடம் என்பதும் அந்த மலிவுக்கு ஒரு காரணம்தானே. விடியற்காலையில் கூடையும் வண்டியுமாக ஊருக்குள் கொண்டுபோய் விற்றார்கள். வார்விக் பகுதியின் விடிகாலைச் சந்தை இன்றும் இருக்கிறது, போனால் கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் கிடைக்கும்.

அந்தத் தோட்டக்காரர்களும் தொழிலாளர்களும் உம்பிலோ ஆற்றங்கரையில் ஒரு கோயில் கட்டினார்கள். அம்பலவாணர் ஆலயம். 1875 என்று சொல்வார்கள், ஆப்பிரிக்காவிலேயே முதல் இந்துக் கோயில் என்றும் சொல்வார்கள். நீரேற்பு நிலையம் திறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் என்பதைக் கவனியுங்கள். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருமுன்னே தில்லைக்கூத்தன் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். அந்தக் கோயிலையும் 1905 வெள்ளம்தான் கொண்டுபோனது. மேலே அணை, கீழே கோயில், ஒரே ஆறு, ஒரே வருஷம். மேலே நடப்பவர்கள் பலருக்குக் கீழே நடந்தது தெரியாது. கோயிலுக்குப் போகிறவர்கள் பலருக்கு மேலே ஒரு அணை உடைந்த விஷயம் தெரியாது.

கோயிலில் ஒன்று மட்டும் மிஞ்சியது, கதவுகள். அந்த மரக் கதவுகளைக் காப்பாற்றி வைத்திருந்து, 1947இல் கேட்டோ மேனர் பகுதியில் பெல்லேர் ரோட்டில் (இப்போது வூசி ம்சிமேலா ரோடு) புதுக் கோயில் எழும்பியபோது முகப்பில் பொருத்தினார்கள். செகண்ட் ரிவர் கோயில் என்றும் அதற்குப் பெயர். பக்கத்தில் ஓடுகிற உம்கும்பான் ஓடையும் போய்ச் சேர்வது உம்பிலோவில்தான், ஆக கோயில் ஆற்றை விட்டு முழுசாகப் போய்விடவில்லை. கிட்டே போய்ப் பாருங்கள், கதவின் மேல் கை வைக்கத் தோன்றும். 1905க்கும் 1947க்கும் நடுவே இரண்டு உலகப் போர், ஒப்பந்தக்கூலி முறையின் முடிவு, இன்னும் என்னென்னவோ. அத்தனைக்கும் நடுவில் ஒரு ஜோடிக் கதவை யாரோ மழையில் நனையாமல், அடுப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆற்றில் பார்க்கக் கிடைப்பவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இது. அந்த அணைச் சுவருக்கு மேல்தான் வைப்பேன்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார், கேட்டோ மேனரில் பிறந்தவர். தமிழ் கேட்டால் புரியும், பேசுவது ஆங்கிலம், நடுவில் ஆயா, சோறு, ரசம், சாமி என்று வந்துபோகும். ஒருமுறை அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கோயிலைவிட அதிக நேரம் வெளியே நின்று, எதிரில் எங்கே யார் வீடு, எங்கே மாமரம், எந்தச் சரிவில் பந்து விளையாடினார்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடத்தில் அவர் சொன்ன எதுவும் இல்லை. 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தை வைத்து, அந்த நிலம் வெள்ளையருக்கு என்று அறிவித்து, இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கர்களைக் குவாமாஷுவுக்கும் அனுப்பிவிட்டார்கள். வீடுகள் போயின, கோயில்கள் நின்றன. சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறி, மக்களே இல்லாத மேட்டில் நின்ற கோயிலுக்கு வந்து பூசை செய்துவிட்டுப் போன வருஷங்களை அவர் சொன்னார். "தாத்தா, அங்கேயே ஒரு கோயில் கட்டிக்கொண்டிருக்கலாமே?" என்று பையன் கேட்டான். அவர் சிரித்தார், கட்டினோமே, அதுவும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது என்றார்.

வருஷத்தில் ஒருமுறை அங்கே தீமிதி. ஈஸ்டர் சமயம். நம் ஊரில் சித்திரை, ஆடி என்று பார்த்து நடப்பது இங்கே ஏன் கிறிஸ்தவப் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், தோட்ட முதலாளி விடுமுறை விட்ட நாள் அதுதான் என்பார்கள் பெரியவர்கள். அதே நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். அந்த வாரம் நடையோடு கோயிலையும் சேர்க்க நினைப்பவர்கள் காரை எங்கே விடுவது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி இன்னொன்று. டர்பன் தமிழர்களிடம் வெள்ளம் என்றால் உம்பிலோவை விட 1917 உம்கேனி வெள்ளம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்துத் தோட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அடித்துச் செல்லப்பட்ட ராத்திரி. படவாட்டான் குடும்பத்து மீனவர்கள் ஆறு பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அந்தத் தண்ணீருக்குள் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்தை நானே பார்த்தேன், எங்கள் தெருவின் கீழ்ப்பக்கச் சரிவு இரண்டு வீட்டுச் சுவரோடு இறங்கிப் போனது. அதற்குப் பிறகு பாரடைஸ் வேலியில் அந்த உடைந்த அணையைப் பார்க்கும்போது பழங்காலத்துச் சின்னம் என்று தோன்றுவதில்லை.

கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தனியாகப் போகாதீர்கள், இது தென்னாப்பிரிக்கா. நாலைந்து பேராக, காலையில், கழுத்துச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காரில் பை தெரிகிற மாதிரி வைக்க வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, பாதை காய்ந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் போனால் வேர்த்து ஊற்றும். தண்ணீரில் கால் நனைக்கத் தோன்றும், வேண்டாம். மேலே இருக்கிற தொழிற்பேட்டைகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் கடந்து வருகிற ஆறு இது, சில நாட்களில் வாடையே சொல்லிவிடும். 1887இல் ஒரு ஊரே குடித்த தண்ணீரை இன்று காலில் படவிடப் பயப்படுகிறோம் என்பதற்கு யாரைக் குறை சொல்வது என்று ஒரு பட்டியல் என்னிடம் உண்டு, நீளமானது, இங்கே வேண்டாம்.

நாங்கள் வழக்கமாகக் காலை ஏழரைக்கு மேல்பகுதியில் தொடங்கி, அருவி வரை போய், இடிபாட்டில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைக் குரங்குகளுக்குத் தெரியாமல் சாப்பிட்டு, பத்து மணிக்குள் காரில் ஏறிவிடுவோம். பெல்லேர் ரோட்டில் கோயில். அதற்கப்புறம் யாருக்காவது தெம்பிருந்தால் துறைமுகப் பக்கம் போய் உம்பிலோவும் உம்லடுசானாவும் சேர்ந்து கான்கிரீட் கால்வாயில் வருவதைப் பாலத்தின் மேலிருந்து பார்க்கலாம், கன்டெய்னர் லாரிகள் முதுகில் உரசாத குறையாகப் போகும், அங்கே நிற்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. பையன் ஒருமுறை பார்த்துவிட்டு, இதுக்கு பன்னி சவ் கடைக்கே போயிருக்கலாம் என்றான். பன்னி சவ் என்றால் குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது. இப்போதெல்லாம் கோயிலிலிருந்து நேராக அந்தக் கடைக்குத்தான் போகிறோம்.